ஈசானிய மூலைக்குப் போன ஸ்டார்ட் பட்டன்

திருநெல்வேலி டவுண்,
மாசி மாதம், 1999.

அன்பு மகன் திருஞானசம்பந்தத்துக்கு, அம்மா பிரமநாயகி சொல்லச் சொல்லத் தங்கை சண்முகசுந்தரி எழுதுவது. காந்திமதி அம்மன் கிருபையில் இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை. நீ அமெரிக்காவில் ராஜா மாதிரி இருப்பதாகத் தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார், ஆகையால் நீ சுகமாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டாலும் அப்பாவின் மானத்துக்காகவாவது சுகமாக இருந்துகொள். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே என்றும், தயிரைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே உறை ஊற்றச் சொல்லியும் அம்மா முதலில் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். இதுவரை உனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் அப்பா சொல்லி நான் எழுதியவை, அப்பா ஒருமுறை படித்து அப்பாவே பசை தடவி ஒட்டியவை. இது அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுவது. அம்மா தானே எழுதியிருப்பாள், ஆனால் நீ காலேஜில் இருந்தபோது அவள் போட்ட கார்டை ஹாஸ்டலில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டிச் சிரித்ததாக நீயே லீவுக்கு வந்து சொன்னாய் அல்லவா, அதற்குப் பிறகு அவள் பேனாவைத் தொடுவதில்லை. என் கடிதமாக இருந்தால் உன்னை நீங்கள் என்றுதான் எழுதியிருப்பேன், அம்மா சொல்வதால் நீ என்றே வருகிறது, அது எனக்கு வசதியாகவும் இருக்கிறது. சாமி அலமாரியின் சிவப்பு பல்பு வெளிச்சத்தில் எழுதுகிறேன், அடுக்களை விளக்கைப் போட்டால் முன் அறையில் படுத்திருக்கும் அப்பாவின் முகத்தில் வெளிச்சம் விழும். எழுத்து கோணலாக இருந்தால் பல்பைக் குறை சொல்.

விஷயம் நீ போன வருடம் லீவுக்கு வந்தபோது வாங்கி வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரைப் பற்றியது. ஈமெயில் அனுப்பலாம் என்று நீ வாங்கினாய். அப்பா அதில் இன்றுவரை ஒரு ஈமெயிலும் அனுப்பவில்லை, ஆனால் ஜாதகப் பொருத்தம் பார்க்கிற சி.டி. ஒன்றை வாங்கிப் போட்டு, வாசலில் கம்ப்யூட்டர் ஜாதக நிலையம் என்று போர்டு மாட்டினார், அது உனக்குத் தெரியும். ஆபீஸில் இருந்த வரையில் தில்லைநாயகம் பிள்ளை என்று கூப்பிட்டவர்கள் இப்போது கம்ப்யூட்டர் பிள்ளை என்கிறார்கள், அப்பாவுக்கு அது பட்டம் கிடைத்த மாதிரி. அப்பாவுக்கு ஜோசியத்தில் அ ஆ தெரியாது. பிறந்த தேதியையும் நேரத்தையும் ஒற்றை விரலால் தட்டி, தாள் வெளியே வந்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுப்பார். முதலில் பெரிய கூட்டம் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் அப்போது கறாராக இருந்தது, பாதிப்பேருக்குப் பொருத்தம் இல்லை என்று சொன்னது, பொருத்தம் இல்லை என்று கேட்பதற்கு யார் திரும்பி வருவார்கள்.

அப்போதுதான் களக்காட்டிலிருந்து பஞ்சு அண்ணாச்சி வந்தார். இவர் முன்பு டைல்ஸ் கடை மட்டும் வைத்திருந்தார், இப்போது வாஸ்துவும் பார்க்கிறார். குளியலறை இருக்கிற இடம் சரியில்லை, இடி என்று இவரே சொல்வார், இடித்த பிறகு புதுக் குளியலறைக்கு டைல்ஸும் இவர் கடையிலேயே கிடைக்கும். சொந்தக்காரப் பெண் ஒருத்திக்குப் பொருத்தம் பார்க்க வந்தவர் நம் கம்ப்யூட்டர் திரையை வீட்டு வரைபடத்தைப் பார்ப்பது போல ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அப்பாவிடம், "மேல வடக்கு, கீழ தெக்கு. இதுல எல்லாத்துக்கும் வாசலு இந்த ஸ்டார்ட்டுதான்னு சொல்லுதீரு. அது எங்கன இருக்கு பாத்தீரா? தென்மேக்கு, கன்னி மூலையில. வாசலு கன்னி மூலையில இருந்தா யாவாரம் வெளங்குமாவே?" என்றார். அப்பா, "நம்ம பய அமெரிக்காக்காரன் வச்சிட்டுப் போனதுல்லா, அதுல கை வைக்கலாமா?" என்று இழுத்தார். "அமெரிக்காக்காரனுக்கு வாஸ்து தெரியுமாவே? தெரிஞ்சா ரெண்டாயிரம் பொறந்தா எல்லாம் நின்னு போகும்னு இப்பிடிப் பயந்து சாவானா?" என்றார் அண்ணாச்சி. ரெண்டாயிரம் பிறந்ததும் தேதி குழம்பிக் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோகாமல் பார்க்கத்தான் நீ அங்கே போயிருக்கிறாய், ஆனால் அப்பா உனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை, ஆமாம் வே என்று தலையாட்டினார். அம்மா அடுக்களையில் நின்று என் காதில், "ஏட்டி, அந்தப் பொட்டிக்குத் தெக்கு வடக்கு உண்டுன்னா மழை பெஞ்சா ஒழுகவும் செய்யுமா?" என்றாள். நான் சிரித்துவிட்டேன், அப்பா முறைத்தார்.

அதன் பிறகு நடந்ததை நீ பார்த்திருந்தால் உன் படிப்பை நினைத்து அழுதிருப்பாய். திரையின் அடியில் ஓடும் சாம்பல் நிறப் பட்டை இருக்கிறதே, டாஸ்க் பார், அதைப் பிடித்து இழுத்தால் எந்தப் பக்கமும் போகும் என்று அப்பாவுக்குத் தெரியாது. அவர் இழுத்த இழுப்பில் அது பாதித் திரைக்குத் தடித்துப் போனது, அடுத்த இழுப்பில் நூலாக மெலிந்து காணாமலே போனது. கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று அப்பா நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கிறவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதானே. மெலிந்து கிடந்த ஓரத்தைப் பிடித்து மேலே இழுத்துப் பட்டையை மீட்டுக் கொடுத்து, மேல் பக்கம் வைத்துக் காட்டினேன். அப்படி வைத்தால் ஸ்டார்ட் பட்டன் வடமேற்கில், வாயு மூலையில் வருகிறது, கூடாது என்றார் அண்ணாச்சி. வலது பக்கம் செங்குத்தாக நிறுத்தினேன். பட்டன் நேராக மேலே ஏறி வலது கோடியில் உட்கார்ந்தது, வடகிழக்கு, ஈசானிய மூலை. அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். அப்பா சூடம் கொளுத்தி மானிட்டருக்குக் காட்டினார், புகை உள்ளே போய்விடுமோ என்று நான் பயந்தேன்.

அதோடு விட்டார்களா. வீட்டுக்கு நடு இடம் வெறுமையாக இருக்க வேண்டும் என்று வரிசை வரிசையாகத் திரை நடு வரைக்கும் வந்துவிட்ட, தட்டித் திறக்கிற சின்னப் படங்களை எல்லாம் அழிக்கச் சொன்னார் அண்ணாச்சி. குப்பைக் கூடைப் படத்தை அது இருந்த மூலையிலிருந்து வேறு மூலைக்கு மாற்றச் சொன்னார். அப்பா மாற்றுவார், விட்டதும் அது துள்ளிப் பழைய இடத்துக்கே ஓடிவிடும். தானாக அடுக்கிக்கொள்ளும்படி நீ வைத்துவிட்டுப் போனதுதான் காரணம். அப்பா அதை மாட்டைப் பிடித்துக் கட்டுவது போல மறுபடி மறுபடி இழுத்துக்கொண்டிருந்தார், "இந்தக் கூடைக்கு ஒங்க மகன் புத்திதான் இருக்கு, சொன்ன இடத்துல இருக்க மாட்டேங்கு" என்று அம்மா சொன்னாள். நான் அந்த ஏற்பாட்டை அணைத்துவிட்டதும் கூடை அடங்கியது. நடுவில் இருந்த ஜாதகப் படமும் அழிந்து போனதால் ஜாதகத்தை எங்கிருந்து திறப்பது என்ற கேள்வி வந்தது. வாசலை ஒட்டியே இருக்கட்டும், பிள்ளையார் மாதிரி இருக்கட்டும் என்றார் அண்ணாச்சி. ஸ்டார்ட் பட்டனை ஒட்டி, ஒரே தட்டில் திறக்கிற சின்னப் படங்களை வைக்கப் பட்டையில் ஓர் இடம் உண்டு அல்லவா, அங்கே ஜாதகத்தை வைத்து, அதற்குப் பிள்ளையார் படம் ஒன்றை நானே வரைந்து மாட்டினேன். பிள்ளையார் உருளைக்கிழங்கு மாதிரிதான் வந்தார், அப்பாவுக்குப் பரம திருப்தி.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன், அதில் பாதித் தப்பு உன்னுடையது. நீ ஊருக்கு வந்திருந்தபோது, கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த ஜாதக டெமோ, அதாவது மாதிரி சி.டி. ஒன்றை அப்பாவுக்கு வேடிக்கை காட்டப் போட்டாய், அதைப் பார்த்துத்தான் அப்பா அசல் சி.டி. வாங்கினார். அசலைப் போட்டுக் கொடுத்த பிறகு மாதிரியை நீக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லை. ஊரான் கம்ப்யூட்டரை எல்லாம் பழுது பார்க்கிறவனுக்கு நம் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கூட்டிப் பெருக்க நேரம் இல்லை. ஸ்டார்ட்டுக்குள் போய்த் தேடியபோது ஜாதகம் என்றே இரண்டு இருந்தன, ஒரே பெயர், ஒரே முகம். நான் முதலில் கண்ணில் பட்டதை இழுத்துப் பிள்ளையாருக்கு அடியில் வைத்தேன். அது அசல் இல்லை, மாதிரி.

மாதிரி என்ன செய்யும் என்று உனக்கு மறந்திருக்கும், சொல்கிறேன். பெயர், நட்சத்திரம், ராசி வரைக்கும் உள்ளபடி கணக்குப் போடும். பொருத்தப் பக்கம் வந்ததும் கணக்கை மூட்டை கட்டிவிட்டு, உள்ளே தயாராக வைத்திருக்கும் ஒரே பக்கத்தை எல்லாருக்கும் எடுத்து நீட்டும். பத்துக்கு ஒன்பது பொருத்தம் உண்டு, வசியப் பொருத்தம் மட்டும் இல்லை, பரிகாரம் ஆற்றில் நீராடி அரச மரத்துக்கு நீர் விடுதல். அடியில் பொடி எழுத்தில் இங்கிலீஷில், இது மாதிரிப் பக்கம் என்று ஒரு வரி இருக்கிறது. அப்பா தன் பெயர் போட்ட ரப்பர் ஸ்டாம்பைச் சரியாக அந்த வரியின் மேல்தான் குத்துகிறார், அங்கேதான் இடம் காலியாக இருக்கிறதாம்.

தை பிறந்ததிலிருந்து நம் வீட்டுக்கு வந்த எல்லாருக்கும் பத்துக்கு ஒன்பது. நீ கூட்டத்தைப் பார்க்க வேண்டும். பத்தமடையிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் வருகிறார்கள். வேறு எங்கும் தட்டிப்போன ஜாதகம் கம்ப்யூட்டர் பிள்ளையிடம் சேர்ந்துவிடும் என்று பேச்சு. எல்லாம் ஈசானிய மூலை செய்கிற வேலை என்று அப்பா சொல்கிறார், பஞ்சு அண்ணாச்சி அதைக் களக்காடு முழுக்கச் சொல்கிறார், பாளையங்கோட்டையில் ஒரு டைப்பிங் சென்டர்காரர் அண்ணாச்சியை வரவழைத்துத் தன் கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் பட்டையை வலது பக்கம் திருப்பிவிட்டாராம். எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை அம்மாவோடு குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போனேன். படித்துறைக்குப் பக்கத்து அரச மரத்தைச் சுற்றித் தேர்க்கூட்டம். குடம் குடமாக ஊற்றுகிறார்கள், மரத்தடி உழவு போட்ட வயல் மாதிரி கிடக்கிறது, பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் வழுக்கி உட்கார்ந்தே விட்டாள். "ஒங்களுக்கும் வசியமா?" என்று ஒருத்தி கேட்க, "எங்களுக்கும் வசியந்தான், மத்த ஒம்பதும் இருக்கு" என்று இன்னொருத்தி சொல்ல, "என்ன அதிசயமோ, இந்த வருசம் ஊருல ஒருத்தருக்கும் வசியம் இல்ல" என்று மூன்றாவது ஆள் சிரித்தாள். எனக்கு ஆற்றுத் தண்ணீர் சட்டென்று குளிர்ந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னட்டி என்றாள். வீட்டுக்கு வருகிற வழியில் சொல்லிவிட்டேன். அம்மா கேட்டுவிட்டு, "மரம் பாவம்ட்டி" என்றாள்.

இதை நாங்கள் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம், அந்த ஒன்பதுகளில் என்னுடையதும் ஒன்றாக இல்லாமல் இருந்தால். பஞ்சு அண்ணாச்சி தன் மகனுக்கு என்னைக் கேட்டிருப்பதும், அப்பா பிள்ளையாரைத் தட்டிப் பார்த்து ஒன்பது வந்ததும் சரி என்று சொல்லிவிட்டதும் உனக்கு அப்பா போனில் சொன்னதுதான். பரீட்சை முடிந்த கையோடு நிச்சயதாம்பூலம், வைகாசியில் கல்யாணம். அப்பா அதைச் சொன்னபோது நீ என்ன சொன்னாய் தெரியுமா? பொருத்தம் நல்லா இருக்குல்லா, அப்புறம் என்ன, நல்லது நல்லது என்றாய், அடுத்த மூச்சில் கம்ப்யூட்டருக்கு ரேம் கூடப் போட வேண்டுமா என்று கேட்டாய். கம்ப்யூட்டருக்கு என்ன வேண்டும் என்று கேட்டவன் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. நான் காலேஜ் சேருவதற்கான என்ட்ரன்ஸ் பரீட்சைக்கு அப்ளிகேஷன் பூர்த்தி செய்து வைத்திருக்கிறேன், கவுன்சலிங்குக்குச் சென்னை போக வேண்டும் என்று கனவு கண்டுகொண்டிருக்கிறேன், அப்பா இன்னும் அதில் கையெழுத்துப் போடவில்லை. மாப்பிள்ளை ஒருநாள் பெண் பார்க்க வந்தார். வந்தவர் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாட்டு இருக்கிறதா என்று கேட்டு, பஜ்ஜி ஆறுகிற வரைக்கும் அதையே விளையாடிவிட்டுப் போனார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், ஒரு ஆட்டத்தில் ஜெயித்தபோது குழந்தை மாதிரி கை தட்டினார். "பொண்ணு பாக்க வந்தவன் பொட்டியப் பாத்துட்டுப் போறான், அதுக்கே தாலியக் கட்டச் சொல்லுங்க" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா அன்று சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

அப்பா கல்யாண வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில் நானும் அம்மாவும் அசலைத் திறந்து பார்த்தோம். எனக்கும் களக்காட்டு மாப்பிள்ளைக்கும் நாலு பொருத்தம், ரஜ்ஜு இல்லை. ரஜ்ஜு இல்லாவிட்டால் மற்றது எத்தனை இருந்தாலும் செய்ய மாட்டார்கள், அது உனக்கே தெரியும். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, தப்பித்தேன் என்று நினைத்தேன். அம்மா விடவில்லை. நம் வீட்டில் ஒன்பது வாங்கிப் போய், அடுத்த தெருவில் தையில் கல்யாணம் ஆன ஜவுளிக்கடைக்காரர் மகளுக்குப் பார் என்றாள். மூன்று. அந்தப் பெண் தினமும் சாயங்காலம் புருஷனோடு மொபெட்டில் போகிறாள், இவள் பின்னால் இருந்து எதையோ சொல்ல அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார், தெருவே பார்த்திருக்கிறது. அப்புறம் அம்மா கொஞ்சம் தயங்கி, எனக்கும் ஒங்கப்பாவுக்கும் போடு என்றாள். போட்டேன். பத்துக்குப் பத்து. வசியம் உள்பட. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் எனக்குப் பயமாகிவிட்டது. "அதக் கிழிச்சிருட்டி, ஒங்கப்பா பாத்தா சட்டம் போட்டு மாட்டிருவாரு" என்றாள். அச்சான தாளைக் கிழித்து அடுப்பில் போட்டோம்.

இப்போது என் பயத்தைச் சொல்கிறேன். பொருத்தப் பக்கம் மாதிரி என்று நான் வாயைத் திறந்தால் அப்பா தெருவில் தலை காட்ட முடியாது. நிச்சயமாகிக் காத்திருக்கிற பெண்களின் வீட்டில் என்ன நடக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. அப்பாவுக்குக் கோபம் வந்தால் எப்படி என்று நீ மறந்திருப்பாய், உன்னை அவர் அடித்ததில்லை. போன வருடம் நான் அவரைக் கேட்காமல் பிரிண்டரில் பள்ளிக்கூடப் பாடத்தை அச்சடித்ததற்கு ஒரு வாரம் என்னைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. இதற்கு என்ன செய்வார்? பரீட்சைக்கே விடமாட்டார். வாயை மூடிக்கொண்டிருந்தாலோ வைகாசியில் களக்காட்டு டைல்ஸ் கடை. ஆகையால் நான் ஒரு வழி யோசித்தேன். பிள்ளையார் படம் அப்படியே இருக்கட்டும், அதன் அடியில் இருக்கும் மாதிரியை எடுத்துவிட்டு அசலை வைத்துவிடுவது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. நிச்சயதாம்பூலத்தில் வாசிப்பதற்குப் புதுத்தாளில் பொருத்தம் அச்சடிக்க பஞ்சு அண்ணாச்சி வரப்போகிறார். அப்பா எல்லார் முன்னாலும் பிள்ளையாரைத் தட்டுவார், நாலு என்று வரும், ரஜ்ஜு இல்லை என்று வரும், அப்பா கம்ப்யூட்டரை எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார், கல்யாணம் தானாக நின்றுவிடும். முன்பு ஏன் ஒன்பது வந்தது என்று உனக்குப் போன் செய்து கேட்பார். மாதிரி சி.டி. என்று வாய் தவறிக்கூடச் சொல்லாமல், ரெண்டாயிரம் வருவதால் எல்லா கம்ப்யூட்டரிலும் கணக்கு மாறுகிறது என்று நீ சொல்லிவிட வேண்டும். இதைக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன், அம்மாவும் முதலில் சரி என்றுதான் சொன்னாள்.

இதுவரை எழுதியதை அம்மாவுக்கு மெதுவாக வாசித்துக் காட்டினேன். கடைசியில் எழுதியதைக் கேட்டதும் அம்மா நிறுத்தச் சொன்னாள். அப்புறம் அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன். "பொட்டி சொல்லுதுன்னு இந்தக் கல்யாணம் நின்னா, ஆறு மாசங் கழிச்சு அதே பொட்டி பத்துன்னு சொல்லும், இன்னொருத்தன் வந்து நிப்பான். அப்ப என்னட்டி செய்வ? அந்தப் படத்துக்கு அடியில வேற எதையாவது சொருவுவியா? எனக்குப் பத்து வந்ததே, அதுல ஒரு பொருத்தத்தையாவது நான் கண்ணால கண்டிருப்பேனா? நீ படிக்கணும்னா படிக்கணும், அவ்வளவுதான், அதுக்கு எதுக்குட்டி கம்ப்யூட்டரு? நாளைக்குக் காலையில காப்பி குடுக்கயில நானே சொல்லுதேன்." நான் பயந்து, அப்பா உன்னை ஏதாவது செய்துவிடுவார் அம்மா என்றேன். "என்ன செய்வாரு? பேசாம இருப்பாரு. பேசுனாத்தான் எனக்குப் புதுசு" என்றாள். மாதிரி விஷயத்தையும் சொல்வாயா என்று கேட்டேன். அதை அவர் கேட்டால் சொல்கிறேன், என் மகள் மேல் தப்பில்லை, அமெரிக்காவில் இருக்கிற உங்கள் மகன் கூட்டிப் பெருக்காமல் போன குப்பை என்று சொல்கிறேன் என்றாள். ஆகவே உன் பெயர் காலையிலேயே அடிபடும், கோபப்படாதே.

ஆனாலும் பிள்ளையாருக்கு அடியில் அசலே இருக்கட்டும் என்றாள் அம்மா, நமக்காக இல்லை, இனி வருகிறவர்களுக்காக. அதை இந்தக் கடிதத்துக்கு உட்காரும் முன்பே வைத்துவிட்டேன், மாதிரியை அடியோடு நீக்கியும் விட்டேன். பழைய ஒன்பதுக்காரர்கள் மறுபடி வந்து அச்சடிக்கக் கேட்டால் என்ன ஆகும் என்றேன். "வந்தா ஒங்கப்பா பாடு. பட்டைய எந்த மூலைக்கு மாத்தணும்னு பஞ்சு அண்ணாச்சிகிட்டக் கேட்டுக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்தாள். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று முழித்துக்கொண்டுதான் இருக்கிறாள், கண்ணை மட்டும் மூடியிருக்கிறாள்.

இந்தக் கடிதம் கடலைத் தாண்டி உன் கைக்கு வரும்போது இந்த வீட்டில் சண்டை தொடங்கி நன்றாகச் சூடேறியிருக்கும். அப்பா உனக்குப் போன் செய்திருப்பார், உன்னைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளப் பார்த்திருப்பார், நீயும் வழக்கம்போல நல்லது நல்லது என்று சொல்லியிருப்பாய். அதற்குப் பரவாயில்லை, கடிதம் கிடைத்த பிறகு நீ போன் செய்கிற முதல் ஞாயிற்றுக்கிழமை போதும். என்னிடம் ஒன்றும் பேச வேண்டாம், எனக்காக அப்பாவிடம் வாதாடவும் வேண்டாம், நீ வாதாடினால் அப்பா உன் இங்கிலீஷை ரசித்துக்கொண்டிருப்பார், விஷயம் காதில் ஏறாது. தங்கை படிக்கட்டும் என்ற ஒரு வரியை மட்டும் நீ சொன்னால் போதும் என்று அம்மா சொல்கிறாள், அதையும் அப்பாவிடம் சொல்ல வேண்டாமாம். யாரிடம் சொல்ல வேண்டும் என்று கீழே எழுதுகிறேன்.

எண்ணெய்ப் பலகாரம் கண்ட கடையில் தின்னாதே. எள்ளுருண்டையும் பருப்புப் பொடியும் யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறோம். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை, அந்த ஊரில் வெயில் இல்லை என்று சாக்குச் சொல்லாதே. ஆயுசும் ஆரோக்கியமும் பெருகி, நாலு பேர் மெச்சுகிறவனாக மட்டும் இல்லாமல், வீட்டில் இருக்கிற எங்கள் இரண்டு பேருக்கும் உதவுகிறவனாக நீ இருக்க வேண்டும் என்று அம்மா நெல்லையப்பரை வேண்டிக்கொள்கிறாள்.

ஞாபகம் வைத்துக்கொள்: ஞாயிற்றுக்கிழமை போன் மணி அடித்ததும் அப்பாதான் ஓடிவந்து எடுப்பார், ஊர் உலகமெல்லாம் பேசுவார், நேரமாகிவிட்டது என்று வைக்கப் போவார். வைக்க விடாதே. அம்மாவைக் கூப்பிடுங்கள் என்று சொல், அந்த ஒரு வரி அவளிடம் சொல்வதற்குத்தான். நீ போன நாளிலிருந்து ஒருமுறைகூட அதைச் சொன்னதில்லை. அடுக்களையிலிருந்து அம்மா போன் இருக்கிற இடத்துக்கு வர நேரமாகும், நடுவில் வைத்துவிடாமல் காத்திரு.

இப்படிக்கு,
உன் நலத்தையே நினைத்திருக்கும் அம்மா
பிரமநாயகி
(எழுதியவள்: சண்முகசுந்தரி)